ரிவால்வரா, பிஸ்டலா? முதலில் பரணில் கிடக்கும் துப்பாக்கியைப் பேசுவோம்

கிருஷ்ணகிரி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 47. மாம்பழ மண்டி வைத்திருக்கிறார். காவேரிப்பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, மாந்தோப்புக்கு நடுவில் வீடு. அடுத்த கொட்டாய்க்குப் போக அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். மனைவி, பிளஸ் டூ படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன், எழுபதைத் தாண்டிய அம்மா ஆகியோர் உடன் இருக்கிறார்கள். மே முதல் ஜூலை வரை சீசனில் கையில் ரொக்கம் புழங்கும். எட்டு மாதத்துக்கு முன் ஒரு நடு இரவில் மூன்று பேர் காம்பவுண்டுச் சுவரைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறார்கள். நாய் குரைத்து, இவர் விளக்கைப் போட்டதும் ஓடிவிட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் கழித்து, கொடுக்கல் வாங்கலில் மனக்கசப்பான பழைய கூட்டாளி ஒருவர் போன் செய்து, "அடுத்த சீசனுக்கு நீ இருக்க மாட்ட" என்று சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் இவர் போலீசில் புகார் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து இரவில் சரியான தூக்கம் இல்லை.

துப்பாக்கி வாங்குவது என்று முடிவு செய்துவிட்டார். ராணுவத்தில் இருந்து வந்த நண்பர் "ரிவால்வர் வாங்கு, அது சிக்காது" என்கிறார். ஓசூர் நண்பர் "செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்தான் சரி, குண்டு அதிகம் போகும்" என்கிறார். மூன்றாவதாக ஒருவர், 60,000 ரூபாய்க்கு வடக்கேயிருந்து ஒரு பிஸ்டல் வரவழைத்துத் தருவதாகவும் லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறாராம். தான் வெளியூர் போகும் நாட்களில் மனைவி அதை வைத்துக்கொள்வார், பெங்களூருக்குப் பணம் வாங்கப் போகும்போது தான் எடுத்துப் போகலாம், இருட்டின பிறகு காம்பவுண்டுக்குள் வந்தவனைச் சுட்டால் சட்டம் ஒன்றும் செய்யாது, காட்டுப்பன்றிக்கும் உதவும் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில் இப்படிச் சொல்கிறார்: "எங்கள் அப்பா லைசென்ஸோடு வைத்திருந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று பரணில் கிடக்கிறது. அவர் தவறி நான்கு வருடம் ஆகிறது. அது எதற்கும் ஆகாது. ரிவால்வரா, பிஸ்டலா என்று மட்டும் சொல்லுங்கள்."

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பயத்தை வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். ஈரோடு, திருப்பூர் பக்கம் தோட்டத்து வீடுகளில் தனியாக இருந்த வயதானவர்களைக் கொன்று நகையைக் கொண்டுபோன செய்திகளை நீங்களும் படித்திருப்பீர்கள், நானும் படித்திருக்கிறேன். கூப்பிட்டால் குரல் கேட்காத தூரத்தில் அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இருக்கிற ஒருவருக்கு இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொரு சத்தமும் வேறு மாதிரிதான் கேட்கும். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் ஆயுத வழக்குகளையும் தற்காப்பு வழக்குகளையும் நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்: உங்கள் கேள்விக்குப் பதில் உண்டு, ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கடிதத்தில் நான் முதலில் அடிக்கோடிட்டது உங்கள் கடைசி வரியைத்தான்.

முதலில் பரண்

அப்பாவின் லைசென்ஸ் அவரோடு முடிந்துவிட்டது. துப்பாக்கி லைசென்ஸ் ஓர் ஆளுக்குத் தரப்படுவது. நிலம் மாதிரி வாரிசுக்குத் தானாக இறங்காது. ஆகவே அவர் தவறிய பிறகு அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் நீங்கள், லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்திருப்பவர் ஆகிறீர்கள். 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 25-வது பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பிறகு, இதற்குக் குறைந்தபட்சம் 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. "அது சுடாது, துருப்பிடித்துக் கிடக்கிறது" என்று நீங்கள் சொல்வதை வைத்து யாரும் விட்டுவிட மாட்டார்கள். அது சுடுமா சுடாதா என்பதைத் தடய அறிவியல் நிபுணர் பார்த்துச் சொல்ல வேண்டும், அதற்குள் நீங்கள் ஜாமீனுக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

அதே சட்டத்தின் 21-வது பிரிவு, இப்படி வைத்திருக்கும் உரிமை போய்விட்ட ஆயுதத்தைத் தேவையில்லாத தாமதம் செய்யாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. நான்கு வருடம் தாமதம்தான், அதை மறைக்க முடியாது. ஆனாலும் நீங்களாகப் போய்ச் சொல்வதற்கும், யாரோ சொல்லி அவர்கள் வந்து பரணில் ஏறி எடுப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். உங்களோடு மனக்கசப்பில் இருக்கிற பழைய கூட்டாளிக்கு உங்கள் வீட்டுப் பரணில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். மொட்டைக் கடிதம் ஒன்று போதும்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கத்து மலையோர ஊர்களில் போலீஸ் அவ்வப்போது அறிவிப்புக் கொடுத்து, நாட்டுத்துப்பாக்கியைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சொல்வது உண்டு. அந்தச் சலுகை அந்த அறிவிப்புக் காலத்துக்கானது. அது எப்போதும் நமக்கு இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்துவிடக் கூடாது.

ஒப்படைப்பதிலும் முறை இருக்கிறது. அதைச் சாக்கில் சுற்றி பைக்கில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். வழியில் நிறுத்தினால், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியோடு சாலையில் பிடிபட்டவர் என்றுதான் எழுதுவார்கள். ஒரு வக்கீலை வைத்து எஸ்.பி.க்கு எழுத்தில் தெரிவியுங்கள். கலெக்டருக்கும் உங்கள் எல்லைக் காவல் நிலையத்துக்கும் நகல் போகட்டும். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய லைசென்ஸ் புத்தகம் மூன்றின் நகலையும் இணையுங்கள். வந்து எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள், எடுத்ததற்கு எழுத்தில் ரசீது வாங்குங்கள். அதுவரை அதைத் தொட வேண்டாம். சுத்தம் செய்து பார்ப்பது, சுட்டுப் பார்ப்பது எதுவும் கூடாது. உள்ளே தோட்டா இருக்கிறதா என்று உங்களுக்கே தெரியாத துப்பாக்கி அது.

லைசென்ஸ் பற்றி நீங்கள் நினைத்திருப்பது

சொத்து நிறைய இருந்தால்தான் லைசென்ஸ் தருவார்கள், தோப்பின் பட்டாவைக் காட்டினால் கிடைத்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். சொத்து போதாது என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 14-வது பிரிவு சொல்கிறது. அதற்காகச் சொத்து இருப்பதால் கொடுத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. பார்க்கப்படுவது தேவை. அந்தத் தேவையிலும் சட்டம் இரண்டு தட்டு வைத்திருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே மரை இல்லாத நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், மறுப்பதற்குச் சட்டத்தில் சொன்ன காரணம் ஏதும் இல்லாதபோது தர வேண்டும் என்கிற போக்கில் 13-வது பிரிவு எழுதப்பட்டிருக்கிறது. ரிவால்வர், பிஸ்டல் போன்ற கைத்துப்பாக்கிக்கு அப்படி இல்லை. தக்க காரணம் இருக்கிறது என்று அதிகாரிக்கு நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

இப்போது பரணுக்குத் திரும்பி வாருங்கள். அப்பாவின் ஒற்றைக் குழல் அந்த முதல் தட்டில் வரக்கூடியது. 2016-ஆம் வருட ஆயுத விதிகளில் சட்டப்படியான வாரிசுக்கு லைசென்ஸ் வழங்குவதற்குத் தனி விதியே இருக்கிறது. ஒப்படைத்த துப்பாக்கியை, லைசென்ஸ் கிடைத்ததும் வாரிசு திரும்பப் பெறலாம், வேண்டாம் என்றால் விற்கவும் 21-வது பிரிவு இடம் தருகிறது. "எதற்கும் ஆகாது" என்று நீங்கள் ஒதுக்கியதுதான், வீட்டோடு வைத்துப் பாதுகாக்க ஓர் ஆயுதம் வேண்டும் என்றால், உங்களுக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கிற சுலபமான வழி. சுடும் நிலையில் இருக்கிறதா என்று லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடைக்காரர் பார்த்துச் சொல்லட்டும்.

கைத்துப்பாக்கிதான் வேண்டும் என்றால், நம் மாவட்டங்களில் மனு கலெக்டருக்குப் போகும். போலீஸ் விசாரணை அறிக்கை வரும். உடலும் மனமும் நலமாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்று, பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். விதியில் கால வரம்பு சொல்லப்பட்டிருந்தாலும் நடைமுறையில் மாதக்கணக்கில் ஆகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், 18-வது பிரிவில் மேல்முறையீடு உண்டு.

இங்கேதான் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள். மூன்று பேர் சுவர் தாண்டி வந்தார்கள், ஒருவர் கொலை மிரட்டல் விடுத்தார். இரண்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம் கூட உங்களிடம் இல்லை. தக்க காரணம் என்ன என்று கேட்டால் எதைக் காட்டுவீர்கள்? மிரட்டல், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-வது பிரிவில் குற்றம். புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்கியிருந்தால் அது லைசென்ஸ் மனுவுக்கும் சாட்சி, அந்த ஆளுக்கும் ஒரு கடிவாளம். இன்னும் கொடுக்கலாம், காலம் போய்விடவில்லை. அந்த அழைப்பு வந்த போனை மாற்றாதீர்கள், அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள்.

அந்த 60,000 ரூபாய்

இதை நீட்ட வேண்டியதில்லை. வாங்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத ஆயுதத்தை விற்பவருக்குக் குறைந்தது 7 வருடம், ஆயுள் வரை போகலாம். 2019 திருத்தம், அப்படிப் பெறுவதையும் தேடி வாங்குவதையும் அதே பிரிவுக்குள் சேர்த்துவிட்டது. வருவது 9 மி.மீ. பிஸ்டலாக இருந்தால் அது பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட வகை. வைத்திருந்தாலே 7 முதல் 14 வருடம். "லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது நடக்காத காரியம். லைசென்ஸ் முதலில், துப்பாக்கி பிறகு, அதன் எண் லைசென்ஸில் ஏறிய பிறகுதான் அது உங்களுடையது. அந்தத் துப்பாக்கி இதற்கு முன் எந்த ஊரில் யார் மேல் பாய்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியாது.

ரிவால்வர், பிஸ்டல்: வித்தியாசம் எங்கே

நான் துப்பாக்கி நிபுணர் இல்லை. ஆனால் வழக்குகளுக்காக நிபுணர்களைக் குறுக்கு விசாரணை செய்து, துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் ஆர்மரர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் கற்றுக்கொண்டதை வைத்துச் சொல்கிறேன்.

சாதாரணமாக நம் நாட்டில் தற்காப்புக்கு வாங்கப்படுவது .32 அளவு. ரிவால்வரும் அதில் உண்டு, பிஸ்டலும் உண்டு. இரண்டுக்கும் .32 என்றே சொன்னாலும் தோட்டா ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டாவுக்கு அடியில் விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும், நீளமும் வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றொன்றுக்கு ஆகாது. கான்பூரில் உள்ள அரசு ஆயுதத் தொழிற்சாலைகளில் .32 ரிவால்வர்களைச் செய்கிறார்கள். 2014-இல் பெண்களுக்கென்று சுமார் அரைக் கிலோ எடையில் "நிர்பீக்" கொண்டுவந்தார்கள், அப்போது விலை 1.22 லட்சம். 2023-இல் "பிரபல்" வந்தது. இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையின் "அஷானி" .32 பிஸ்டல். வெளிநாட்டுத் துப்பாக்கியைப் பொதுமக்கள் இறக்குமதி செய்வது 1980-களிலிருந்தே பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. ஆகவே உங்கள் நண்பர்கள் யூடியூபில் பார்த்துச் சொல்லும் பெயர்களை மறந்துவிடுங்கள்.

ரிவால்வரில் ஆறு அறைகள் உள்ள சிலிண்டர் சுழலும். டிரிக்கரை இழுத்தால் அடுத்த அறை வந்து நிற்கும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்துவிடும். பயத்தில் கை நடுங்கும்போது இது பெரிய சௌகரியம். இன்னொன்று, சிலிண்டரைத் திறந்தால் தோட்டா இருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கு நேரே தெரியும். ஆனால் டிரிக்கர் கனம். பழக்கம் இல்லாதவர் இழுக்கும்போது குழல் ஒரு பக்கம் சாய்ந்து குறி தப்பும். ஆறு தீர்ந்தால் மறுபடி நிரப்ப நேரம் ஆகும். "சிக்கவே சிக்காது" என்று உங்கள் ராணுவ நண்பர் சொல்வது முழு உண்மை இல்லை. எரியாத மருந்துத் தூளும் அழுக்கும் அடைத்தாலோ, வயசான தோட்டாவைப் போட்டாலோ ரிவால்வரும் இறுகிப்போகும். அப்படி இறுகினால் அந்த இடத்தில் வைத்துச் சரிசெய்வது கஷ்டம்.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலில், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசின் கைப்பிடிக்குள் போகும். ஒவ்வொரு முறை சுடும்போதும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய் வெற்றுக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னால் வரும். பெயரைப் பார்த்து இழுத்துப் பிடித்தால் சரமாரியாகப் போகும் என்று நினைக்க வேண்டாம், ஓர் இழுப்புக்கு ஒரு குண்டுதான். தட்டையாக இருக்கும், மாற்று மேகசினைச் சட்டென்று போடலாம், குண்டும் ஒன்றிரண்டு அதிகம். ஆனால் கையை உறுதியாகப் பிடிக்காவிட்டால் ஸ்லைடு முழுதாகப் போய்வராமல் கூடு மாட்டிக்கொள்ளும். தோட்டாவின் தரம் சரியில்லை என்றாலும் மாட்டும். மாட்டினால் ஸ்லைடை இழுத்து விடுவித்து மறுபடி ஏற்ற வேண்டும். பயிற்சி உள்ளவருக்கு அது இரண்டு விநாடி. தூக்கத்திலிருந்து எழுந்து இருட்டில் நிற்பவருக்கு அது முடியாத காரியம்.

பிஸ்டலில் எனக்கு எப்போதும் பயம் தருவது வேறொன்று. மேகசினை எடுத்துவிட்டாலும், குழலின் பின்னால் உள்ள அறைக்குள் ஏற்கெனவே ஏறிய ஒரு தோட்டா இருக்கலாம். எனக்கு வந்த ஒரு வழக்கில், லைசென்ஸ் வைத்திருந்த அப்பா பீரோ சாவியை மறந்து வைத்துவிட்டுப் போக, பதினாறு வயதுப் பையன் பிஸ்டலை எடுத்து மேகசினை உருவிக் கட்டிலில் வைத்துவிட்டு, இனி வெறும் துப்பாக்கிதான் என்று நினைத்து டிரிக்கரை இழுத்தான். குண்டு அவன் தொடையைத் துளைத்துப் போனது. உயிர் பிழைத்தான், இன்றும் சாய்ந்துதான் நடக்கிறான். அந்த அப்பா என் அறையில் உட்கார்ந்து அழுததை நான் மறக்கவில்லை. உங்கள் மகன் பத்தாவது படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே நேரடியாகக் கேட்டதற்கு நேரடியான பதில்: மாதம் ஒருமுறையாவது துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ப் பயிற்சி செய்ய முடியாத, மண்டியே கதி என்று இருக்கிற உங்களைப் போன்றவருக்கு இரண்டில் ரிவால்வர்தான் தவறு குறைவானது. எத்தனை குண்டு போகும் என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டுக்குள் நடக்கும் மோதல் நாலைந்து அடி தூரத்தில், சில விநாடிகளில் முடிந்துவிடும். எதைச் சுட்டாலும் குண்டு தகரத்தையும் சீமை ஓட்டையும் துளைத்துப் போகும், தோப்பில் உங்கள் காவல்காரர் குடும்பம் படுத்திருக்கும் கொட்டகை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்து வையுங்கள்.

எப்போது சுடலாம் என்பது

இருட்டின பிறகு காம்பவுண்டைத் தாண்டியவனைச் சுடலாம் என்ற நினைப்பு உங்களைச் சிறைக்கு அனுப்பிவிடும். தற்காப்பு உரிமை முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை. சொத்தைக் காப்பதற்காக உயிரைப் பறிக்கும் அளவுக்குப் போகலாம் என்று 41-வது பிரிவு சொல்லும் சந்தர்ப்பங்கள் சிலதான்: கொள்ளை, சூரியன் மறைந்து உதிப்பதற்குள் வீட்டை உடைத்து நுழைவது, ஆள் குடியிருக்கும் இடத்துக்குத் தீ வைப்பது, உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ ஆபத்து வரும் என்று நியாயமாக அஞ்சும் நிலையில் நடக்கும் திருட்டும் வீட்டுக்குள் அத்துமீறி நுழைவதும். சுவரைத் தாண்டித் தோப்புக்குள் நிற்பவன் வீட்டை உடைத்தவன் ஆகமாட்டான். மாங்காய் பறிக்க வந்த பக்கத்து ஊர்ப் பையனாகவும் இருக்கலாம். அன்று ஓடிப்போன மூன்று பேரை முதுகில் சுட்டிருந்தால், ஆபத்து முடிந்த பிறகு சுட்டதாகத்தான் கோர்ட் பார்க்கும். கொலை வழக்கில் முதல் எதிரி, அதாவது முதலில் குற்றம் சாட்டப்பட்டவர், நீங்கள்.

37-வது பிரிவு இரண்டு எல்லைகளை வைக்கிறது. போலீசைக் கூப்பிட நேரம் இருந்தால் அந்த உரிமை கிடையாது. தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் கூடாது. அதற்காகத் தங்கத் தராசில் நிறுத்துப் பார்ப்பார்கள் என்று பயப்படவும் வேண்டாம். தாக்கப்படுகிற மனிதன் அந்த நொடியில் படிப்படியாக அளந்து நடந்துகொள்ள முடியாது என்பதை 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே ஏற்றுக்கொண்டது. கதவை உடைத்து அரிவாளோடு உள்ளே வந்தவன் உங்கள் அம்மாவை நோக்கிப் போனால் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். ஆனால் தற்காப்பு என்று எடுத்துக்காட்ட வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

சும்மா வானத்தில் சுட்டு மிரட்டுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அலட்சியமாகச் சுட்டுப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது 2019-லிருந்து தனிக் குற்றம், 2 வருடம் வரை சிறை அல்லது 1 லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். காட்டுப்பன்றி விஷயமும் இதோடு முடிந்தது. தற்காப்பு லைசென்ஸை வைத்து வனவிலங்கைச் சுட்டால் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் தனி வழக்கு வரும்.

மனைவியும் பெங்களூரும்

லைசென்ஸ் உங்கள் பெயரில் என்றால் துப்பாக்கியும் உங்கள் பொறுப்பில்தான். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனால் அவர் லைசென்ஸ் இல்லாமல் வைத்திருப்பவர் ஆகிறார். அவருக்கும் வேண்டும் என்றால் அவர் பெயரில் தனி மனு, தனிப் பயிற்சி. நீங்கள் சீசனில் வாரம் மூன்று நாள் வெளியே இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் வீட்டுக்கு ஆபத்து வர அதிக வாய்ப்புள்ள இரவுகளில் அந்தத் துப்பாக்கி பூட்டிக் கிடக்கும். இதை மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரி கூட இல்லை.

லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும். தமிழ்நாடு வரை என்று இருந்தால், ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளி போய்ச் சேரும்போதே அது செல்லாத லைசென்ஸ். குப்பம் பக்கம் ஆந்திராவுக்குள் போனாலும் அதே கதை. மூன்று மாநிலம் ஒட்டி இருக்கிற நம் மாவட்டத்துக்காரர்கள் இதில்தான் அடிக்கடி மாட்டுகிறார்கள். வெளியே எடுத்துப் போனால் உறையில், வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். கோயில் திருவிழாவிலும் கல்யாணத்திலும் இடுப்பில் காட்டிக்கொண்டு நின்றால் லைசென்ஸே போய்விடும். தேர்தல் வந்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள். ஏப்ரல், மே மாதத் தேர்தல் என்றால் அது உங்கள் சீசன் நேரம்.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

லைசென்ஸ் வரும்வரை, வராமலே போனாலும், நீங்கள் பாதுகாப்பாக இருக்க வேண்டும். மண்டியில் ரொக்கத்தைக் குறையுங்கள். வியாபாரிகளும் மாங்கூழ் ஆலைக்காரர்களும் வங்கியில் போடத் தயாராகவே இருப்பார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். பணம் வீட்டில் தங்காது என்பது தோப்பில் வேலை செய்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும். வீட்டின் பாதுகாப்புக்குச் செய்யும் செலவில் பெரிய வித்தியாசம் தருவது முன் கதவும் பின் கதவும்தான்: உள்ளே இரும்புக் கிரில் கதவு, இரவில் அம்மா படுக்கும் அறைக்கு உள்தாழ்ப்பாள். நாலு பக்கமும் விளக்கு, இன்வெர்ட்டரில் ஓடுகிற கேமரா. ஒரு நாய் உங்களை அன்று காப்பாற்றியது, இன்னொன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நாலைந்து கொட்டாய்க்காரர்கள் சேர்ந்து ஒரு சைரன் ஏற்பாடு செய்யலாம், ஒரு வீட்டில் அடித்தால் மற்ற வீட்டில் விளக்கு எரிய வேண்டும். 112 என்ற அவசர எண்ணும் காவல் உதவி செயலியும் மனைவி, மகள் போனில் இருக்கட்டும், ஒருமுறை எப்படி அழுத்துவது என்று செய்து காட்டுங்கள். உங்கள் வீடு இருக்கும் இடத்தை ஸ்டேஷனில் சொல்லி இரவு ரோந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள்.

எட்டு மாதம் தூக்கமில்லாமல் இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையிலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள், 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். தூக்கம் கெட்டவர் கையில் துப்பாக்கி இருக்கும் வீட்டை நான் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன். லைசென்ஸுக்கு மருத்துவச் சான்று கேட்பதும் இதற்காகத்தான்.

வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எஸ்.பி.க்குக் கடிதம், அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது. அந்த வாரமே மிரட்டலுக்கும் சுவர் தாண்டியதற்கும் புகார். பிறகு வாரிசு என்ற முறையில் அந்த ஒற்றைக் குழலுக்கு மனு. அது கிடைத்து ஒரு சீசன் போன பிறகும் கைத்துப்பாக்கி வேண்டும் என்று தோன்றினால் எனக்கு மறுபடி எழுதுங்கள், மனுவை நானே பார்த்துத் தருகிறேன். எஸ்.பி.க்குப் போகும் கடிதத்தில் துப்பாக்கியோடு, அப்பாவின் இரும்புப் பெட்டியில் தோட்டா ஏதாவது மிச்சம் இருந்தால் அதன் எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள். பலரும் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவை வீட்டிலேயே மறந்துவிடுகிறார்கள், அதற்கும் அதே பிரிவுதான்.